காவலுக்கும் வளர்ச்சிக்கும் ஒரே கையாள்

நெல்லில் இலை கருகினால் "எதை அடிக்கலாம்?" என்பதுதான் நம்மில் பலருக்கு முதல் கேள்வி. பொதட்டூர்பேட்டையில் மாதம் ஒருமுறை நாங்கள் உட்கார்ந்து பேசும்போதும் அதுதான் முதலில் வரும். ஆனால் போன சம்பாவில், ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த கையோடு பிபிடி வயல்களில் இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்க ஆரம்பித்தபோது, ஒரு அண்ணன் வேறு மாதிரி கேட்டார். "ஏம்பா, ரெண்டு வயலுக்கும் ஒரே மழை, ஒரே காத்து, ஒரே ஏரித் தண்ணி. அவன் போட்ட ரகம் நிக்குது, என்னுது கருகுது. பயிருக்குள்ள அப்படி என்னதான் வித்தியாசம்?"

நல்ல கேள்வி. மருந்துப் பட்டியல் போட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பயிர் தன் எதிரியை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது, கண்டதும் என்ன செய்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். இந்தப் பாடம் அதைப் பற்றியது. சில பெயர்கள் வாயில் நுழையாது. பெயரை விட்டுவிடுங்கள், வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வந்தது என்ன நோய்?

பாக்டீரியா இலைக்கருகல். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற நுண்ணுயிரால் வருவது. ஜப்பானில் 1884இலேயே உழவர்கள் இதைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் 1963இல் பீகாரில் பெரிய அளவில் தாக்கியது. குட்டை ரகங்களும் மூட்டை மூட்டையாகத் தழைச்சத்தும் வந்த பிறகு நாடு முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது.

விடியற்காலையில் வரப்பில் நடக்கும்போது நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே பனி இல்லை. வேர் இழுத்த தண்ணீரை இலை தன் ஓரத்துச் சிறு துளைகள் வழியாகக் கசியவிடுகிறது. வெயில் ஏறினால் அந்தத் துளியில் கொஞ்சம் மறுபடி உள்ளே போகும். அந்தத் துளியில் இந்தப் பாக்டீரியா இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். நேராக நீர்க்குழாய்க்குள் போய், அங்கேயே பெருகி, இலையைக் காய வைக்கும். அதனால்தான் கருகல் எப்போதும் நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பித்து, அலை அலையான விளிம்போடு கீழே இறங்குகிறது. புயல் காற்றில் இலைகள் உரசிக் கிழிந்தால் அந்தக் காயமும் ஒரு வாசல்.

மஞ்சள் கண்டதெல்லாம் இந்த நோய் இல்லை. கருகிய பாகமும் பச்சைப் பாகமும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி விடுங்கள். சிறிது நேரத்தில் வெட்டிலிருந்து பால் மாதிரி ஒரு இழை இறங்கினால் பாக்டீரியா. இறங்கவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

வேலியில் நிற்கும் ஏற்பி

நமக்கு ரத்தம் ஓடுகிறது, அதில் காவல் அணுக்கள் சுற்றி வருகின்றன. விரலில் முள் குத்தினால் அங்கே ஓடிப் போகின்றன. பயிருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் வேலியைத் தானே காக்க வேண்டும். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுதான் வேலி. அந்த வேலியைத் துளைத்துக்கொண்டு, பாதி வெளியே பாதி உள்ளே என்று சில புரதங்கள் நிற்கின்றன. இவற்றில் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஏற்பி கைனேஸ் என்று பெயர்.

வெளியே இருக்கும் பாதி ஏற்பி. பலவற்றில் அது குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவில் பொருந்துகிற பொருள் வந்து உட்கார்ந்தால் செய்தி வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பாதி கைனேஸ். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். அது அதற்கடுத்ததை. இப்படியே கைமாறிச் செய்தி செல்லின் நடுவே இருக்கும் மரபணுக்கள் வரை போய்ச் சேரும்.

பாஸ்பேட் என்றால் நாம் மணிச்சத்து என்று சொல்கிறோமே, அதுவேதான். வேர் பிடிக்க, மணி பிடிக்க என்று மட்டும் நினைத்த மணிச்சத்தை வைத்துத்தான் பயிர் தனக்குள் பேசிக்கொள்கிறது. உடனே "அப்ப சூப்பர் கூட ஒரு மூட்டை போட்டா நல்லா பேசுமா?" என்று கேட்காதீர்கள். பேச்சுக்கு வேண்டியது துளியூண்டு. மூட்டைக்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை.

அரபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு சின்னச் செடி உண்டு. ஆய்வுக்கூடங்களில் அதுதான் சோதனைச் செடி. அதில் இந்த வகை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் 600க்கு மேல். நெல்லில் 1,100க்கும் மேல். ஓடி ஒளிய முடியாமல் நின்ற இடத்திலேயே வாழ வேண்டிய உயிருக்கு அவ்வளவு கண்ணும் காதும் தேவைப்பட்டிருக்கிறது.

வளரச் சொல்லும் செய்தி

முதலில் வளர்ச்சியைப் பார்ப்போம். பிராசினோஸ்டீராய்டு என்பது பயிரே தயாரிக்கும் வளர்ச்சி ஹார்மோன். கடுகு இனத்துச் செடியின் மகரந்தத்திலிருந்துதான் அமெரிக்காவில் இதை முதலில் பிரித்தெடுத்து 1979இல் அறிவித்தார்கள். தேனீக்கள் சேர்த்த 227 கிலோ மகரந்தத்திலிருந்து கிடைத்தது வெறும் 4 மில்லிகிராம். இவ்வளவு அற்பமான அளவில் இருந்துகொண்டு தண்டை நீள வைக்கிறது, இலை எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்று முடிவு செய்கிறது.

இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி எது என்பது 1997இல் தெரிந்தது. பிரி-1 என்று பெயர். அதுவும் ஒரு ஏற்பி கைனேஸ்தான். நெல்லிலும் அதற்கு இணையானது உண்டு. அது பழுதான நெல் குட்டையாக நிற்கும், இலைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். ஹார்மோன் இருந்தும் கேட்கும் காது இல்லை.

பிரி-1 தனியாக வேலை செய்வதில்லை. ஹார்மோன் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கைனேஸைக் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறது. அதன் பெயர் பாக்-1, 2002இல் கண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட பிறகுதான் "வளரு" என்ற ஆணை முழுசாக உள்ளே போகிறது. நம் ஊர் தறியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நெய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அறுந்த இழையை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பாக்-1 அந்தக் கையாள்.

எதிரி வந்தான் என்ற செய்தி

இப்போது காவல் பக்கம் வருவோம். பல பாக்டீரியாக்களுக்கு நீந்த ஒரு வால் உண்டு. அந்த வாலின் புரதத்தில் 22 கண்ணிகள் கொண்ட ஒரு துண்டைச் செடி அடையாளம் வைத்திருக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பியை 2000இல் கண்டுபிடித்தார்கள். வால் துண்டு பட்ட சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் கால்சியம் பாயும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற எரிக்கும் பொருள்கள் உண்டாகும், இலைத் துளைகள் மூடும், செல் சுவர் தடிக்கும்.

இந்தக் காவல் ஏற்பி தனக்குத் துணையாக எதைக் கூப்பிடுகிறது என்று 2007இல் பார்த்தபோது ஆராய்ச்சியாளர்களே ஆச்சரியப்பட்டார்கள். அதே பாக்-1! வளர்ச்சிக்குக் கை கொடுத்த அதே ஆள்தான் காவலுக்கும் கை கொடுக்கிறது.

அந்த வால் துண்டை மட்டும், பாக்டீரியாவே இல்லாமல், நாற்றுக்குத் தொடர்ந்து கொடுத்தால் நாற்று குட்டையாகிவிடும். நோயே இல்லை, ஆனாலும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் காவல் வேலை செய்கிறதா என்று பார்க்க இதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள். காவல் இலவசம் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் காவல் குறையுமா? அரபிடாப்சிஸில் குறைகிறது என்று 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. ஒரு குழு, கையாளை வளர்ச்சிப் பக்கம் இழுத்துக்கொள்வதும் ஒரு காரணம் என்றது. இன்னொரு குழு, கையாள் பஞ்சம் காரணமில்லை, உள்ளே போன பிறகு ஆணைகள் மோதிக்கொள்கின்றன என்றது. அடுத்த ஆண்டே வந்த வேலை, வளர்ச்சி ஆணையை மரபணு வரை சுமந்து போகும் புரதமே சில காவல் மரபணுக்களை அடக்கி வைக்கிறது என்று காட்டியது.

நெல்லில் கதை இன்னும் சிக்கல். ஜப்பானில் 2003இல் வந்த ஆய்வில் இதே ஹார்மோனைக் கொடுத்த நெல் குலைநோயையும் இலைக்கருகலையும் கூடுதலாகத் தாங்கியது. 2012இல் பெல்ஜியத்து ஆய்வில் வேரைத் தாக்கும் பித்தியம் பூசணத்துக்கு அதே ஹார்மோன் வழி திறந்துவிட்டது. இலைக்கு நல்லது, வேருக்குக் கெட்டது. கடைகளில் ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதம் என்று எழுதி வளர்ச்சி ஊக்கி விற்கிறார்களே, அது இந்தக் குடும்பம்தான். இயற்கை விவசாயத்தில் நாம் அதைத் தொடுவதில்லை. ஆனால் பக்கத்து வயலில் அடிக்கும் தம்பி கேட்டால் "கெடுதல்" என்று ஒரே சொல்லில் சொல்லாதீர்கள். எந்தப் பருவத்தில், எந்த நோய் சுற்றும்போது என்று பார்க்காமல் அடிக்கும் பொருள் இல்லை என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

மாலியிலிருந்து வந்த காவல்காரன்

இனி நம் வயலுக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டா என்றொரு காட்டு நெல் உண்டு. தரைக்கடியில் தண்டு ஓடிப் பரவும், மணி உதிர்ந்துவிடும், சாப்பாட்டுக்கு உதவாது. வயலில் வந்தால் களை. மாலி நாட்டில் சேகரித்த அந்த நெல்லை 1970களின் கடைசியில் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்தபோது, அங்கே வைத்திருந்த கருகல் பாக்டீரியா வகைகள் எல்லாவற்றையும் தாங்கி நின்றது. அந்தக் குணத்தைப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் ஒட்டுச் சேர்த்துச் சேர்த்துப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்து, 1990இல் அது எக்ஸ்ஏ-21 என்ற ஒரே மரபணு என்று அறிவித்தார்கள். 1995இல் கலிபோர்னியாவில் பமீலா ரொனால்டு குழு அந்த மரபணுவைப் பிரித்துப் பார்த்தது. ஏற்பி கைனேஸ்! வெளியே லாடம், உள்ளே பாஸ்பேட் ஒட்டும் கை. அரபிடாப்சிஸின் வால் ஏற்பி தெரிவதற்கு 5 ஆண்டு முன்பே நெல்லில் காவல் ஏற்பி தெரிந்துவிட்டது.

சரி, அது எதைப் பிடிக்கிறது? இதற்கு விடை கிடைக்க 20 ஆண்டு ஆனது. 2009இல் ஒரு விடையை அந்தக் குழுவே வெளியிட்டது. மறுபடி செய்து பார்த்தபோது நிற்கவில்லை. 2013இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முதலிலிருந்து தேடினார்கள். 2015இல் சரியான விடை கிடைத்தது. பாக்டீரியா வெளியே விடும் ரேக்ஸ்-எக்ஸ் என்ற சின்னப் புரதம். அதில் டைரோசின் என்ற ஒரு கண்ணியின் மேல் கந்தகம் ஏறியிருக்க வேண்டும். கந்தகம் ஏறாத புரதத்தை எக்ஸ்ஏ-21 கண்டுகொள்வதில்லை.

பாக்டீரியாவுக்கு அந்தப் புரதம் எதற்கு? இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். பயிரே தன் வேரும் உடலும் வளரச் சுரக்கும் ஒரு குட்டி ஹார்மோன் உண்டு. அதிலும் ஒரு டைரோசின் மேல் கந்தகம் ஏறியிருக்கும். பாக்டீரியாவின் ரேக்ஸ்-எக்ஸ் அந்த ஹார்மோனின் வேஷம். அதைக் கொடுத்தால் வேர் நீளுகிறது என்று 2017இல் காட்டினார்கள். கள்ளச் சாவி செய்து வளர்ச்சிப் பூட்டைத் திறக்கிறான் திருடன். "வளரு, வளரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறான். சாதாரண நெல் நம்பிவிடுகிறது. எக்ஸ்ஏ-21 உள்ள நெல் நல்ல சாவியையும் கள்ளச் சாவியையும் பிரித்துப் பார்க்கிறது. பயிரின் சொந்த ஹார்மோன் வந்தால் அது அசைவதில்லை. வேஷக்காரன் வந்தால் மட்டும் கூச்சல் போடுகிறது.

கூச்சல் போட அதற்கும் கையாள் தேவை. நெல்லில் அந்தக் கையாள் பாக்-1இன் உறவுக்காரன், செர்க்-2. 2014இல் அந்த செர்க்-2வைக் குறைத்துப் பார்த்தபோது எக்ஸ்ஏ-21 தந்த காவலும் தளர்ந்தது, பிராசினோஸ்டீராய்டைக் கேட்கும் காதும் மந்தமானது. நெல்லிலும் கையாள் ஒருவன்தான்.

பிரேக்கும் உண்டு. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் ஒரு புரதம் எக்ஸ்ஏ-21ஐ அடக்கியே வைத்திருக்கிறது. அந்தப் பிரேக் பழுதான நெல்லில் எதிரி வராமலேயே செல்கள் சாகின்றன. நாள் முழுக்கக் குலைக்கும் நாயை யார் வைத்துக்கொள்வார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாற்றுப் பருவத்தில் இந்தக் காவல் பலவீனம். பயிர் முற்ற முற்றத்தான் முழு பலம் வருகிறது. நாற்றங்காலில் கவனக்குறைவாக இருந்துவிட்டு "தாங்கும் ரகம்னு சொன்னாங்களே" என்று யாரையும் திட்ட முடியாது.

பிபிடி நெல்லில் அது எப்படி வந்தது

பிபிடி 5204 ஆந்திராவில் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளிவந்தது. சம்பா மசூரி என்பார்கள், எல்லை தாண்டி நம் பக்கம் வந்ததும் ஆந்திரா பொன்னி ஆகிவிட்டது. சன்ன அரிசி, விலை கிடைக்கும், சோறு நன்றாக இருக்கும். கருகலுக்கு மட்டும் நிற்காது. அந்த அண்ணன் கேட்ட வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அவர் பயிரின் வேலியில் இந்தத் திருடனை அடையாளம் காணும் ஆள் நிற்கவில்லை.

ஐதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து, எக்ஸ்ஏ-21 உள்ள நெல்லோடு சம்பா மசூரியை ஒட்டுச் சேர்த்து, பிறந்ததை மறுபடி மறுபடி சம்பா மசூரியோடே நான்கு தடவை சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற ரகத்தை 2008இல் வெளியிட்டன. அதில் எக்ஸ்ஏ-21 மட்டுமல்ல, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 என்று இன்னும் இரண்டு. அவை ஏற்பிகள் அல்ல. பாக்டீரியா இலையின் சர்க்கரைக் குழாயைத் தனக்காகத் திறந்துகொள்ளும், எக்ஸ்ஏ-13 அந்தத் திறப்பைத் தடுக்கிறது. மூன்று பூட்டு எதற்கென்றால், ஒற்றைப் பூட்டைத் திறக்கும் பாக்டீரியா வகைகள் உண்டு. ரேக்ஸ்-எக்ஸை மாற்றிக்கொண்டு எக்ஸ்ஏ-21ஐ ஏமாற்றும் வகைகளும் உண்டு.

நம் இயக்கத்தில் சிலர் இதைத் தொடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. பூவோடு பூ சேர்த்த ஒட்டு. எந்தப் பிள்ளைக்கு மரபணு வந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் ஆய்வுக்கூடம் பயன்பட்டது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜாதகம் பிள்ளையை மாற்றுவதில்லை. வீரிய ஒட்டும் இல்லை, விதையை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். பிபிடிதான் போடுவேன் என்பவர் பழைய பிபிடியைப் போட்டு மருந்துக்கடை வாசலில் நிற்பதைவிட இதைப் போடலாம் என்பது என் கருத்து. பாரம்பரிய ரகம் போடுபவர்களை மாறச் சொல்லவில்லை.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. மாலி மண்ணில் களையாக நின்ற நெல், கட்டாக்கில் சோதித்த நெல், பிலிப்பைன்ஸில் பொதுப் பணத்தில் பயிருக்குக் கொண்டுவந்த குணம். அதன் மரபணுவைப் பிரித்ததும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் காப்புரிமை எடுத்தது. பமீலா ரொனால்டே இது சரியில்லை என்று கருதி, கம்பெனிகள் தரும் உரிமத் தொகையில் ஒரு பங்கு மாலி போன்ற நாட்டு மாணவர்களின் படிப்புக்குப் போக 1996இல் டேவிஸ் வளாகத்தில் ஒரு நிதி அமைய முன்நின்றார். நல்ல எண்ணம். ஆனால் உரிமம் வாங்கிய கம்பெனிகள் அந்த மரபணுவை வைத்து எந்தப் பயிரையும் சந்தைக்குக் கொண்டுவராததால் நிதிக்குப் பணம் வரவில்லை. காப்புரிமைக்குள் போனது பயிருக்கு வரவில்லை, ஒட்டுச் சேர்க்கையில் போனது ஐதராபாத் வழியாக உழவன் வயலுக்கு வந்தது. வரப்போரத்துக் காட்டு நெல்லைப் பிடுங்கி எறியும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

வேர்க்கடலைக்கும் இதே கதை

எல்லா ஏற்பியும் எதிரிக்காக நிற்பதில்லை. விருந்தாளியைக் கூப்பிடவும் ஏற்பி உண்டு. நம் மேட்டு நிலத்து வேர்க்கடலையைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ரைசோபியம் என்ற பாக்டீரியா வேரில் புக வேண்டுமென்றால் முதலில் ஒரு சர்க்கரைச் சங்கிலியை அனுப்புகிறது. பூசணத்தின் செல் சுவரில் இருக்கும் கைட்டினும் அதே சர்க்கரையால் ஆன சங்கிலிதான். நீளச் சங்கிலி வந்தால் "பூசணம், கதவைச் சாத்து". நாலைந்து கண்ணி உள்ள குட்டைச் சங்கிலியில் கொழுப்பு வால் ஒட்டி வந்தால் "நம்ம ஆளு, திற". அவரை இனத்துச் செடி ஒன்றில் இதைப் பிரித்தறியும் ஏற்பிகளை 2003இல் கண்டார்கள். நெல்லில் கைட்டினைக் கண்டு காவலுக்கு எழும் அதே ஏற்பி கைனேஸ்தான், வேருக்கு மணிச்சத்து கொண்டுவரும் வேம் பூசணத்தை ஏற்றுக்கொள்ளவும் தேவைப்படுகிறது.

மண்ணில் தழைச்சத்தைக் கொட்டினால் வேர்க்கடலை முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். மணிச்சத்தைக் கொட்டினால் வேம் பூசணத்தை வேர் ஒதுக்கும். விருந்தாளி தேவையில்லை என்று பயிரே கதவைச் சாத்திக்கொள்கிறது.

வயலில் என்ன செய்வது

தழைச்சத்தில் ஆரம்பிக்க வேண்டும். கரும்பச்சையாக, அடர்த்தியாக, இலை தொங்கத் தொங்க நிற்கும் நெல்லில் கருகல் அதிகம் என்பது நம் தாத்தா காலத்து அனுபவம், ஆய்வும் அதையே சொல்கிறது. இதை யூரியாக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. மீன் அமிலமானாலும் புண்ணாக்குக் கரைசலானாலும் கோழி எருவானாலும் தழைச்சத்து தழைச்சத்துதான். கருகல் தெரிந்த வயலில் "பயிர் சோர்ந்திருக்கு" என்று மீன் அமிலம் அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோய் நிற்கும்வரை தழை தரும் எதையும் நிறுத்துங்கள். முதலிலேயே இலை வண்ண அட்டை வைத்து, நிறம் குறைந்தால் மட்டும், பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் இந்த நிலை பாதி வராது.

நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிடும் பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. கருகல் வந்த ஊரில் அதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு கிள்ளலும் ஒரு வாசல், கிள்ளும் கையே பாக்டீரியாவைச் சுமக்கும். அதே காரணத்துக்காக, இலை ஈரமாக இருக்கும் காலை நேரத்தில் நோய் வயலில் இறங்கி நடக்காதீர்கள்.

நோய் வந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு மடை திறந்து விடாதீர்கள். ஏரிப் பாசனத்தில் வயல் வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும் நம் ஊரில் இது கஷ்டம்தான். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும். முடிந்தவரை வடித்து, வயலைக் காயப்போட்டுப் பாய்ச்சுங்கள்.

தெளிக்க ஏதாவது வேண்டுமென்றால் பசுஞ்சாணம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே இதைச் சொல்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புதுச் சாணம் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை வடிகட்டி, நோய் தெரிந்ததும் ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை. 100 லிட்டருக்கு 2 கிலோ என்று கணக்கு. நன்றாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றையும் இந்த நோய்க்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும்.

தாங்கும் ரகம் போட்டாலும் நாற்றங்காலைக் கண்ணில் வைத்திருங்கள். போன பட்டத்துத் தாளும் தானாக முளைத்த நெல்லும் நாற்றங்கால் பக்கத்தில் இருக்கக் கூடாது, நாற்றங்கால் மூழ்கும்படி தண்ணீர் நிற்கவும் கூடாது. நாற்று பிடுங்கும் முன் நுனி காய்ந்த நாலைந்து இலைகளை எடுத்து டம்ளர் சோதனை செய்துவிடுங்கள். பால் இழை இறங்கினால் அந்தப் பாத்தி நாற்றை நடவுக்கு எடுக்க வேண்டாம்.